பத்திரம் பதிந்தாயிற்று, வீடு யாருடையது?

“வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லை. அட்வான்ஸ் கொடுத்துடலாமா?” வீடு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். நண்பர்களும் உறவினர்களும் கொண்டுவரும் பத்திரக் கட்டுகளைப் பல ஆண்டுகளாகப் படித்துப் பார்த்து வருகிறேன். வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்பதையே சொத்தில் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம்தான் மக்களை அதிகம் ஏமாற்றியிருக்கிறது என்பது என் எண்ணம்.

வில்லங்கச் சான்று எப்படி உருவாகிறது என்று பார்த்தாலே அதன் எல்லை தெரிந்துவிடும். சார்பதிவாளர் அலுவலகத்தில் 1-ஆம் புத்தகம் என்று ஒன்று உண்டு. அசையாச் சொத்துகளைப் பற்றிப் பதிவாகும் ஆவணங்கள் அதில் ஏறும். நாம் கொடுக்கும் கிராமம், புல எண், காலம் ஆகிய மூன்றுக்கும் பொருந்துகிற பதிவுகளைத் தேடி எடுத்துத் தருவதுதான் அந்தச் சான்று. ஆவண எண், எழுதிய நாள், பதிந்த நாள், ஆவணத்தின் தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், சொத்து விவரம் என்று வரிசையாக வரும். பதிவுக்கு வராத எதுவும் அதில் வராது. பதிவான உயில்கூட வராது. உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் ஏறுகின்றன. வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டது, நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் பாகப்பிரிவினை வழக்கு, ஊருக்குப் போய்விட்ட ஒரு மகளின் பங்கு, இவை எதையும் அந்தத் தாள் அறியாது.

அறிந்ததையும் சில சமயம் காட்டாது. ஒரு சொத்தின் புல எண் 1990-ல் 45/2 என்று இருக்கிறது. பிறகு உட்பிரிவாகி 45/2ஏ1 ஆகிறது. இடையில் அந்தக் கிராமமே வேறு சார்பதிவாளர் அலுவலகத்தோடு சேர்க்கப்படுகிறது. இன்றைய எண்ணை மட்டும் கொடுத்து இன்றைய அலுவலகத்தில் தேடினால், பழைய எண்ணில், பழைய அலுவலகத்தில் பதிவான அடமானம் கண்ணில் படாமல் போக வாய்ப்புண்டு. சான்று பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறது. ஆகவே வில்லங்கம் போடுமுன் தாய்ப்பத்திரங்களில் உள்ள எல்லாப் புல எண்களையும், உட்பிரிவு எண்களையும், வீட்டுக் கதவு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அரை நாள் வேலைதான். அதைச் செய்கிறவர்கள்தான் குறைவு.

இந்தப் பலவீனம் வில்லங்கச் சான்றோடு நிற்பதில்லை. பதிவு முறையின் அடித்தளத்திலேயே அது இருக்கிறது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிகிறது; உரிமையைப் பதிவதில்லை. இன்னார் இன்னாருக்கு இந்த நாளில் இப்படி எழுதிக்கொடுத்தார், அதை என் முன் ஒப்புக்கொண்டு கைரேகை வைத்தார் என்பதற்கு மட்டுமே சார்பதிவாளர் சாட்சி. எழுதிக்கொடுத்தவருக்கு அந்தச் சொத்து சொந்தம்தானா என்று விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

அதை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 7 அன்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே தெளிவாகச் சொன்னது. போலிப் பதிவுகளைத் தடுக்கவென்று தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55ஏ என்று ஒரு விதி சேர்க்கப்பட்டிருந்தது. விற்பவர் தன் பெயரில் உள்ள முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் புதிய பத்திரம் பதியலாம் என்றது அது. பதிவுச் சட்டம் தராத அதிகாரத்தை விதியின் மூலம் எடுத்துக்கொள்ள முடியாது என்று நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விற்பவருக்கு உரிமையே இல்லாவிட்டாலும், முறைப்படி எழுதி, முத்திரைத் தீர்வையும் கட்டணமும் செலுத்தியிருந்தால் பதிவாளர் மறுக்க முடியாது. உரிமை இல்லாதவர் எழுதிக்கொடுத்த பத்திரம் வாங்கியவருக்கு உரிமையைத் தராது, அவ்வளவுதான் என்பது தீர்ப்பின் சாரம். அந்த மாதமே, அசல் ஆவணம் காட்டும் கட்டாயத்தைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவரும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. அரசின் கவலை நியாயமானது. ஆனால் அசலைப் பார்ப்பது ஒன்று, உரிமையைத் தீர்மானிப்பது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

போலிப் பத்திரம் பதிவாகிவிட்டால் அதை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று தமிழ்நாடு 77ஏ என்ற பிரிவைக் கொண்டுவந்தது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவையும் செல்லாது என்று அறிவித்தது. உரிமைத் தகராறு உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை என்பதே அங்கும் காரணம்.

உலகில் வேறு வழியும் உண்டு. ராபர்ட் டாரன்ஸ் என்பவரின் முயற்சியில் 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் உருவான முறையில் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அதற்கு அரசே பொறுப்பு. பதிவுத் தவறால் ஒருவர் நட்டப்பட்டால் ஈடு கொடுக்க நிதி உண்டு. இங்கே கிரயப் பத்திரத்துக்கு 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் வாங்குகிறார்கள். 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு நாலரை லட்சம். அதைக் கட்டிய பிறகும் “இந்த வீடு உன்னுடையது” என்று அரசு சொல்வதில்லை. இது மக்களுக்கு இழைக்கப்படும் நீண்ட கால அநீதி என்றே கருதுகிறேன். அந்த நிலை மாறும்வரை, சொத்தின் வரலாற்றைச் சோதிக்கும் வேலை வாங்குகிறவர் தலையில்தான் விழுகிறது.

அந்த வரலாறு தாய்ப்பத்திரங்களில் இருக்கிறது. வங்கிகள் வழக்கமாக 30 ஆண்டுகளுக்குப் பார்க்கின்றன. ஒவ்வொரு பத்திரத்திலும், எழுதிக்கொடுத்தவருக்குச் சொத்து எப்படி வந்தது என்று ஒரு வாசகம் இருக்கும். “இன்ன ஆண்டு இன்ன எண் பத்திரப்படி கிரயம் பெற்று” என்று இருந்தால் அந்தப் பத்திரத்தைத் தேடிப் போகலாம். “எனக்குப் பிதுரார்ஜிதமாகப் பாத்தியப்பட்டு” என்று இருந்தால் அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். சங்கிலி அறுபடும் இடம் பெரும்பாலும் ஒரு மரணம். எவ்வளவு சாதாரணமாக அறுபடுகிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் இந்துக் குடும்பம். அப்பா 1984-ல் தன் சம்பாத்தியத்தில் மதுரையில் வீடு வாங்குகிறார். உயில் எழுதாமல் 2009-ல் இறந்துபோகிறார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். இவர்களோடு அவருடைய தாயும் அப்போது உயிரோடு இருக்கிறார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆக ஐந்து பேருக்கும் ஐந்தில் ஒரு பங்கு. 2012-ல் அந்தப் பாட்டியும் உயில் இல்லாமல் காலமாகிறார். தாத்தா முன்பே போய்விட்டார். பாட்டிக்கு இறந்துபோன இந்த மகனைத் தவிர இன்னொரு மகனும் ஒரு மகளும் உண்டு. பாட்டியின் ஐந்தில் ஒரு பங்கு மூன்றாகிறது. ஒன்று, இறந்த மகனின் பிள்ளைகளுக்கு. மற்ற இரண்டும் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும், ஆளுக்குப் பதினைந்தில் ஒன்று.

2015-ல் குடும்பம் வாரிசுச் சான்று வாங்குகிறது. பாட்டிதான் உயிரோடு இல்லையே என்று மனைவி, பிள்ளைகள் பெயர் மட்டும் எழுதப்படுகிறது. நால்வரும் கையெழுத்துப் போட்டு 60 லட்சத்துக்கு வீட்டை விற்கிறார்கள். யார் மனத்திலும் களவு இல்லை. ஆனால் அந்த வீட்டில் சித்தப்பாவுக்கு 4 லட்சம், அத்தைக்கு 4 லட்சம் பெறுமான பங்கு சட்டப்படி நிற்கிறது. வில்லங்கச் சான்றில் இது எப்படித் தெரியும்? அப்பா இறந்த தேதியையும் பாட்டி இறந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இறப்புச் சான்றுகளைக் கேட்டு வாங்குவதைச் சிலர் அமங்கலம் என்று நினைத்துத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம்.

பூர்வீகச் சொத்தானால் மகள்களின் பங்கைப் பற்றிய கேள்வி கூடவே வரும். தமிழ்நாடு இதில் முன்னோடி. 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குத் திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பிறப்புரிமையை மாநிலச் சட்டம் தந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமான மகள்களுக்கும் அதை விரித்தது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது: தேவையில்லை, உரிமை பிறப்பால் வருவது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முடிந்துபோன விற்பனைகளையும் பாகப்பிரிவினைகளையும் மட்டும் சட்டம் கலைப்பதில்லை. “நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, அவளுக்கு என்ன பங்கு?” என்று விற்பவர் சொன்னால், அவர் பழைய வழக்கத்தைச் சொல்கிறார். வாங்குகிறவர் அந்த மகளின் கையெழுத்தைக் கேட்க வேண்டும். விடுதலைப் பத்திரம் எழுதியிருந்தால் அது பதிவானதா என்று பார்க்க வேண்டும்.

பங்குதாரர்களில் 18 வயது ஆகாத பிள்ளை இருந்தால் இன்னும் கவனம் தேவை. பிள்ளையின் தனிப்பட்ட பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாயோ தந்தையோ விற்றால், வயது வந்தபின் மூன்று ஆண்டுகளுக்குள் அந்தப் பிள்ளை அதை எதிர்க்கலாம். வீட்டில் 15 ஆண்டுகள் குடியிருந்த பிறகு அந்த அழைப்பாணை வருவதும் நடக்கக்கூடியதே.

“பட்டா என் பேரில்தான் இருக்கு” என்பது விற்பவர்கள் சொல்லும் அடுத்த வாக்கியம். பட்டா வருவாய்த்துறையின் ஆவணம். நிலம் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதற்கு வலுவான சான்றுதான், ஆனால் அது மட்டுமே உரிமையை உண்டாக்காது. 1980-களில் நடந்த யு.டி.ஆர். நில ஆவணச் சீரமைப்பில் ஒருவர் நிலம் இன்னொருவர் பெயரில் ஏறியதும், பரப்பளவு மாறிப்போனதும் தமிழகக் கிராமங்களில் இன்றும் பேசப்படும் குறைகள். பத்திரத்தில் 2,400 சதுர அடி, பட்டாவில் 2,180, அளந்து பார்த்தால் 2,250 என்று மூன்று கணக்கு இருந்தால், பேசிய விலை எந்தக் கணக்குக்கு என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

பட்டா, பத்திரம், வில்லங்கம் மூன்றும் ஒழுங்காக இருந்தும் நிலம் கையில் நிற்காத நிலையும் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்கீர் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதிய பிறகு, 1892 முதல் அம்மக்களுக்கு வழங்கப்பட்டவை பஞ்சமி நிலங்கள். முதல் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் அந்த மக்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அதை மீறி எத்தனை கை மாறியிருந்தாலும் அந்த நிபந்தனை நிலத்தை விட்டுப் போவதில்லை. மனையின் விலை மலிவாக இருக்கிறது என்று கேள்விப்பட்டால், வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய ஏ பதிவேட்டைப் பார்ப்பது வாங்குகிறவர் தன்னைக் காத்துக்கொள்ள மட்டும் அல்ல. யாருக்காக அந்த நிலம் ஒதுக்கப்பட்டதோ அவர்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச நீதியும் அதுதான்.

அங்கீகாரமற்ற மனைகளின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் பதிவுக்குத் தடை விதித்தது. பிறகு 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. இன்று மனை வாங்கினால் வரன்முறை ஆணை அந்த மனை எண்ணுக்கே இருக்கிறதா, மனைப்பிரிவுக்கு மட்டும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பவர் பத்திரத்தின் மேல் விற்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. பவர், உயில், ஒப்பந்தம் என்று மூன்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டாலும் சொத்து கை மாறாது. பதிவான கிரயம் வேண்டும். பவர் ஏஜென்ட் அசல் உரிமையாளருக்காகக் கிரயம் எழுதிக் கொடுப்பது செல்லும். ஆனால் பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால், பொதுவாக பவரும் அன்றோடு முடிந்துபோகிறது. அதனால்தான் பவர் மூலம் பதியும்போது பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற உயிர்ச் சான்று கேட்கிறார்கள். அந்தச் சான்றை மட்டும் நம்பாமல் உரிமையாளரிடம் நேரில் ஒருமுறை பேசிவிடுங்கள். வெளிநாட்டில் இருந்தால் வீடியோ அழைப்பில் பேசலாம். பேசவிட மறுக்கும் தரகரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முன்பணம் கைமாறியதும் இரு தரப்புக்கும் கவலை பிறக்கிறது. ஒப்பந்தம் போட்டுவிட்டாலே பாதி வீடு நம்முடையது என்று வாங்குகிறவர் நினைக்கிறார். 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, விற்பனை ஒப்பந்தம் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்கிறது. கிரயம் எழுதித் தரச் சொல்லி வழக்குப் போடும் உரிமையைத்தான் அது தருகிறது. அதற்கும் குறித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தை வைத்து வழக்கே போட முடியாது என்பதில்லை. ஆனால் பதியாதது வில்லங்கத்தில் வராது, விற்பவர் அதே வீட்டை இன்னொருவருக்குப் பதிந்து கொடுத்துவிட வழி திறந்திருக்கும்.

காலக்கெடுவைச் சடங்காக நினைக்கிறவர்களுக்கு, சென்னையை ஒட்டிய ஒரு கிராமத்து நிலத்தைப் பற்றிய வழக்கைச் சொல்வேன். 1981 ஜனவரியில் ஒப்பந்தம். விலை 3,75,000 ரூபாய். ஒரு லட்சம் முன்பணம், மீதி மூன்று தவணைகளில் அந்த ஆண்டு மே இறுதிக்குள். தொகை குறித்த நாட்களில் முழுதாக வரவில்லை, விற்பவர் ஒப்பந்தத்தை முறித்தார். வழக்கு நடந்து நடந்து உச்ச நீதிமன்றம் 2011 ஜூலையில் முடிவு சொல்லும்போது 30 ஆண்டுகள் ஓடியிருந்தன. வாங்க நினைத்தவர் தோற்றார். நில விலை அசையாமல் கிடந்த காலத்தில், வீடு நிலம் விஷயத்தில் நாள் தவறினால் பரவாயில்லை என்று நீதிமன்றங்கள் கருதின. விலை பலமடங்கு ஏறும் நகரங்களில் அந்தப் பழைய எண்ணத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். விற்பவரின் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயம்தான். சிறு முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, விலை ஏறும்வரை காத்திருந்து வேறொருவருக்குக் கைமாற்றிவிடும் ஆட்களிடம் சிக்கி, மகள் கல்யாணத்துக்கென்று வீட்டை விற்க வந்தவர்கள் படும் அவதியைப் பார்த்திருக்கிறேன். 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்வது நீதிமன்றத்தின் விருப்பத்தைச் சார்ந்ததாக இல்லை. ஆனால் வாங்குகிறவர் பணத்தோடு தயாராக இருந்தார் என்பதைக் காட்டியாக வேண்டும். வங்கிக் கணக்கில் இருந்த பணமும் கடன் ஒப்புதல் கடிதமும் அதற்குச் சாட்சி.

பணத்தின் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிட வேண்டும். பேசிய விலை 80 லட்சம், வழிகாட்டி மதிப்பு 45 லட்சம், பத்திரத்தில் 45 என்று எழுதிக்கொள்வோம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்று விற்பவர் கேட்பது நாடறிந்த வழக்கம். அசையாச் சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்தில் தண்டத்துக்குரியது. 50 லட்சமும் அதற்கு மேலும் போனால் வாங்குகிறவர் 1 விழுக்காடு பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இவற்றையெல்லாம் விட வாங்குகிறவரைச் சுடும் விஷயம் வேறு. நாளைக்கு உரிமை செல்லாமல் போய், விற்றவரிடமிருந்து பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிலை வந்தால், கையில் இருக்கும் ஆதாரம் 45 லட்சத்துக்கு மட்டுமே. கட்டாயம் என்று ஒப்புக்கொண்டு கொடுத்த 35 லட்சத்துக்கு எந்தத் தாளும் பேசாது.

அடுக்குமாடி வீடானால் வாங்கும் பொருளே வேறு. உண்மையில் நிலைக்கும் சொத்து, நிலத்தின் பிரிபடாத பங்குதான். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடியில் ஒரே அளவில் ஆறு வீடுகள் என்றால் ஆளுக்கு 400 சதுர அடி. எல்லோருடைய பத்திரங்களிலும் உள்ள பங்குகளைக் கூட்டினால் 2,400 வர வேண்டும். குறைந்தால் கட்டியவர் கொஞ்சம் தன் கையில் வைத்திருக்கிறார், மாடியில் இன்னொரு தளம் எழும்பக்கூடும். கட்டடம் பழசாகி இடிக்கும்போது இந்த எண்தான் பேசும். 2022-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். புதிதாகக் கட்டும் திட்டம் 500 சதுர மீட்டர் நிலத்துக்கோ 8 வீடுகளுக்கோ மேற்பட்டதானால், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஒப்படைத்த பிறகும் ஐந்து ஆண்டுகளுக்குள் வரும் கட்டுமானக் குறைகளைக் கட்டியவரே செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். இந்த ஐந்தாண்டுப் பொறுப்பைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு. ஒழுகும் சுவருக்குத் தாங்களே பூச்சு வேலை செய்துகொள்கிறார்கள்.

தாள்களைப் பார்த்து முடித்தபின் செய்ய வேண்டியது ஒன்று மீதி இருக்கிறது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில், விளக்கங்களுக்கு நடுவே ஒரு வரி மறைந்து கிடக்கிறது. ஒரு சொத்தை வாங்குகிறவருக்கு, அப்போது அதில் குடியிருப்பவரின் உரிமை தெரிந்திருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அவரிடம் கேட்கவில்லை என்று பிறகு சொல்ல முடியாது. வாடகைக்கு இருக்கிறார் என்று விற்பவர் காட்டும் மனிதர், பாகம் கேட்டுக் காத்திருக்கும் தம்பியாக இருக்கலாம். ஐந்து ஆண்டுக்கு முன் ஒப்பந்தம் போட்டுப் பாதிப் பணம் கொடுத்தவராக இருக்கலாம். ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தைய நாள், தரகர் இல்லாமல், விற்பவர் இல்லாமல், அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள். திறக்கிறவரிடம் எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், வாடகையை யார் கையில் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். பிறகு பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருக்கும் பெரியவரிடம், இது யார் வீடு என்று கேளுங்கள்.